நண்பகலில் முக்கால் மணி நேரம்

ஜனவரி 9

அன்பு மனைவிக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் கடிதம். மனம் மறுபடியும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்து வாரமாகக் கட்டிலும் கழிப்பறையும்தான். லிப்ட் கம்பெனியில் என் கருவிப் பையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

டாக்டர் மாத்திரையோடு ஒரு வெளிச்சப் பெட்டியும் தந்திருக்கிறார். தினம் நண்பகலில் அதன் முன்னால் கால்மணி நேரம் உட்கார வேண்டும். "காலையில வேண்டாம். சோர்வும் வெறியும் மாறி மாறி வர்ற நோய் உங்களுக்கு. மனசு ஒரேயடியா மேல ஏறிடலாம்" என்றார். உட்காருகிறேன். எதிர்ச்சுவரின் விரிசல் நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வாண்டு என்னைக் கேட்கிறாளா?

உன்னவன்

ஜனவரி 20

அன்புள்ளவருக்கு,

கேட்கிறாள். "அப்பா இன்னும் காரை அவ்ளோ வேகமா ஓட்டுவாராம்மா?" என்று. அன்று பின்சீட்டில் அவள் அலறியதும் நீங்கள் சிரித்ததும் என் காதை விட்டுப் போகவில்லை. அது நோய் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இங்கே அண்ணன் வீட்டு ஹாலில் படுக்கிறோம். எல்லோரும் டிவியை அணைத்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தைக்கூட அடக்கிக்கொள்கிறேன்.

வெளிச்சத்தை விடாதீர்கள். மாத்திரையையும்.

வாண்டுவின் அம்மா

பிப்ரவரி 24

அன்பு மனைவிக்கு,

டாக்டர் இப்போது வெளிச்சத்தை முக்கால் மணி நேரமாக்கியிருக்கிறார். நேற்று சவரம் செய்துகொண்டு கம்பெனிக்குப் போனேன். மேலாளர், "திங்கட்கிழமை வந்துடுப்பா" என்றார்.

வீடு பெருக்கியாயிற்று. இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

உன்னவன்

மார்ச் 3

அன்புள்ளவருக்கு,

கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து நாலு தரம் படித்தேன். எழுத்து நிதானமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினைந்தாம் தேதி வருகிறோம். அண்ணியிடம் சொல்லிவிட்டு, அப்போதே துணிப்பையை எடுத்துத் தூசி தட்டினேன்.

வாண்டுவின் அம்மா

மார்ச் 8

அன்பு மனைவிக்கு,

பதினைந்தாம் தேதி வரவேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் நானாகவே காலையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நாலு நாளாக மூன்று மணி நேரத் தூக்கம், களைப்பே இல்லை. நேற்று என்னோடு வேலை செய்பவர் ஒருவர், "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்கண்ணே" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கீழே கிடந்தாலும் மாட்டிக்கொள்கிறேன், ஏறி வந்தாலும் மாட்டிக்கொள்கிறேன்.

நேரே டாக்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டியை நிறுத்திவிட்டார். மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

அந்த ஹாலில் நீ இன்னும் நாளைக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் எப்போது வரலாம் என்று இனி நான் சொல்லமாட்டேன். டாக்டரிடம் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவர் சொல்லும்வரை, நானே வாசலில் வந்து நின்று கூப்பிட்டாலும், கதவைத் திறக்காதே.

உன்னவன்