நிரலில் இல்லாத கதவு

ஸ்காபரோ,
ரொறன்ரோ.

அன்பு மகள் நிலாணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகன் கிருபனும் வன்கூவர் மழைக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பாவின் இருமலையும் என் கோபத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம்தான். இருமல் குறைந்துவிட்டது, கோபம் குறையவில்லை, குறைக்கிற எண்ணமும் இல்லை. போனில் சொல்லத் தொடங்கினாலே நீ, அம்மா அந்தக் கொண்டோ போர்ட்டை விட்டு விலகுங்கோ, உங்களுக்கு ஏன் உந்தத் தலையிடி என்று கதையை மாற்றிவிடுகிறாய். கடிதத்தை இடையில் மறிக்க முடியாதுதானே, அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தின் பின்கதவு உனக்கு நல்லாய்த் தெரியும், அதால் இறங்கினால் நேரே பஸ் தரிப்பு, நீ பாணைக் கடித்துக்கொண்டு யூனிவர்சிற்றிக்கு ஓடின வழி. பார்சல்கள் களவு போகின்றன என்று சொல்லிப் பனி தொடங்க முதலே அதைப் பூட்டிவிட்டார்கள். களவு போனது பொய்யில்லை, அப்பாவுக்கு வந்த சப்பாத்துப் பார்சலும் போனது. ஆனால் கார் இல்லாத நாங்கள் எல்லோரும் முன்வாசலால் போய், கார்கள் இறங்குகிற அந்தச் சரிவைச் சுற்றித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி ஜோசப்பின், மன்னார்ப் பிள்ளை, விமான நிலையச் சமையலறையில் வேலை செய்கிறவள், காலமை அவசரத்தில் அந்தச் சரிவில் ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நான் சோறு கொண்டுபோனபோது இடக்கையால் குழைக்கத் தெரியாமல் கரண்டியோடு இருந்து அழுதாள். இந்தக் கதவு திறக்கும் மட்டும் விடுகிறதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கட்டடத்தை நடத்துகிற எங்கள் ஐந்து பேர் போர்ட்டுக்குத் தலைவர் அருள்நாயகம் அண்ணை. அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். என்னைப் போர்ட்டுக்கு நிற்கச் சொல்லி, வாக்குச் சேர்த்து வெல்ல வைத்ததும் அவர்தான், சொன்னதற்குத் தலையாட்ட ஒரு ஆள் கிடைத்தது என்று நினைத்தாராக்கும். இப்போது விட்பியில் வீடு வாங்கிப் போய்விட்டார், இங்குள்ளதை வாடகைக்கு விட்டிருக்கிறார். கூட்டத்துக்குக் காரில் வந்து, நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இறங்கி எலிவேற்றரில் ஏறுகிற மனிசனுக்குப் பின்கதவு எந்தப் பக்கம் என்பதே மறந்திருக்கும். தை மாதக் கூட்டத்துக்கு முன் அவரைப் பிடித்துக் கதவைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றேன். ஓம் தங்கச்சி, அதைக் கடைசியிலை வேறு விடயத்திலை பாப்பம் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நீ சின்னனில் எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களுக்கு வந்து கதிரையில் நித்திரை கொள்ளுகிறவள்தானே, அங்கே உண்மையான கூட்டம் தொடங்குவதே செயலாளர் கடைசியில் ‘வேறு விடயங்கள்’ என்று வாசித்த பிறகுதான், அதுவரைக்கும் எல்லோரும் பற்றிஸைச் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் லொபிக் கம்பளத்துக்கு என்ன நிறம், நத்தார் மரத்தை யார் கழற்றுவது என்று அவர்கள் கதைத்ததையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அண்ணை கூட்டம் முடிந்தது என்றார், போர்ட்டில் இருக்கிற மரியோ வழிமொழிந்தார், எல்லோரும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு எழும்பினார்கள். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் வேறு விடயம் என்ற வரியே அதில் இல்லை. இல்லாத ஒன்றுக்காக நல்ல பிள்ளையாகக் காத்திருந்திருக்கிறேன்!

மாசியில் நிரலைத் தட்டச்சு செய்து அனுப்புகிற மனேச்சர் அன்ட்ரூவிடம் கதவையும் அதில் போடச் சொன்னேன். அவர் தங்கமான பிள்ளை, ஆனால் தலைவர் சொல்லாததைத் தான் போட முடியாது என்றுவிட்டார். வேறு விடயம் என்ற வரி ஏன் இல்லை என்று அண்ணையைக் கேட்டேன். சங்கத்திலை வேறு விடயம் எண்டு விட்டுத்தானே தங்கச்சி, மண்டபம் பூட்ட வந்தவன் நடுச்சாமம் மட்டும் எங்களைப் பாத்துக்கொண்டு வாசல்லை நிண்டவன், அதாலைதான் இஞ்சை உதை எடுத்துப்போட்டனான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரோடு சேர்ந்து சிரித்ததை நினைக்க இப்பவும் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து எங்கள் கட்டடத்து விதிகளை எடுத்து, விளங்காத சொல்லையெல்லாம் போனில் தட்டிப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். நிரலைத் தலைவர் எழுதலாம், ஆனால் கூட்டம் அதை ஏற்றுக்கொண்டால்தான் அது நிரல் என்று இருந்தது. கூட்டம் தொடங்கும்போது நிரலை ஏற்கிறீர்களா என்று கேட்கிறதும், கோயிலில் மணி அடித்ததும் கும்பிடுகிற மாதிரி நாங்கள் கை தூக்குகிறதும் அதற்குத்தானாம்.

பங்குனிக் கூட்டத்தில் நான் கை தூக்கவில்லை. தூக்காததோடு, பின்கதவை முதலாவதாகப் போட்டால்தான் ஏற்பேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அன்ட்ரூ எதை எழுதுவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். அண்ணை என் பக்கம் சரிந்து, தங்கச்சி, வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்களுக்குள்ளை சண்டை வேண்டாம் என்று தமிழில் மெல்லமாகச் சொன்னார். இது எங்களுக்குள்ளை இருக்கிற விசயம் இல்லை, கட்டடத்து விசயம் என்று எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்திலேயே மறுமொழி சொன்னேன். அப்போது யார் கை தூக்கினது என்று நினைக்கிறாய், அந்த மரியோ! அவருடைய நாயும் சரிவில் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம். ஜோசப்பின் கைக்கு இரங்காத மனிசன் நாய்க்கு இரங்கினார், பரவாயில்லை, வாக்கு வாக்குத்தான். போர்ட்டில் இருக்கிற இரண்டாம் மாடிப் பெண்ணும் எங்களோடு சேர, ஐந்து பேரில் மூன்று பேரானோம். கமராவும் பொருத்தி, கட்டடத்துச் சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் திறக்கிற மாதிரிச் சித்திரை முடியும் வரை விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. இப்போது எங்கள் சாவிக்குக் கதவு திறக்கிறது.

அப்பா அதற்குப் பிறகு எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேறை ஆரோடையும் சண்டை பிடி, எங்கடை ஆளை ஏன் நாலு பேருக்கு முன்னாலை குனிய வைச்சனி என்று கேட்டார். ஜோசப்பினும் எங்கடை ஆள்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை அப்பாவுக்கு எடுக்கிற போன் கோல் இப்போது வருவதில்லை. அப்பா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் பார்க்கிறதைக் காண எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கவலைக்காகக் கதவைத் திரும்பப் பூட்ட விடவும் மாட்டேன்.

நேற்று சித்திரைக் கூட்டத்து நிரல் வந்தது. பின்கதவைத் திரும்பப் பூட்டுவது என்று அண்ணை முதலாவதாகவே போட்டிருக்கிறார், கெட்டிக்காரன். போடட்டும், இந்த முறை அந்த நிரலை ஏற்க நானும் கை தூக்குவேன், பூட்டுகிறதுக்கான வாக்குக்குத்தான் தூக்க மாட்டேன். ஜோசப்பினையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் கதைக்கலாமோ என்று அண்ணை கேட்பார், போர்ட்டில் மூன்று பேர் சம்மதித்தால் கதைக்கலாம் என்று விதியில் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டாம் மாடிப் பெண் மட்டும் கொஞ்சம் தளம்புகிறா, அவவுக்கு இன்றைக்கு மோதகம் அவித்துக்கொண்டு போகப்போகிறேன்.

நீ வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே, கிருபனையும் மீன் எண்ணெய் குடிக்கச் சொல்லு. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் மனம் ஒத்து இருக்க வேண்டும், பிள்ளையார் துணை. மே மாதம் வரும்போது முன்வாசலைச் சுற்றி வராதே. பஸ்ஸால் இறங்கி நேரே பின்கதவால் வா, சாவியோடு நான் அங்கே நிற்பேன், கதவு திறக்கும், அதற்கு நான் பொறுப்பு.

அன்புடன்
அம்மா
இராஜேஸ்வரி இராசரத்தினம்