நெல் அறையில் குடித்தனம்

வில்லியனூர், 2 செப்டம்பர் 1957

அப்பாடா, வீடு கிடைத்துவிட்டது. இங்கே பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தெருத்தெருவாய் அலைந்தாயிற்று. "புருஷன் இன்னா வேலை?" என்பார்கள். கடலுக்குப் போகிறார் என்றதும், "சொந்தக்காரங்க வராங்களே" என்று கதவைச் சாத்துவார்கள். ஆதிமூலம் ஐயா ஒருவர்தான் அதைக் கேட்டும் முகம் சுளிக்கவில்லை. "பின்கட்டு ரூம்பு சும்மாத்தான் கிடக்குது. அறுப்பு வரைக்கும் இருந்துக்கோ டீச்சரம்மா" என்றார். அறுப்பு என்று ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று தலையாட்டினேன்.

8 செப்டம்பர்

பால் காய்ச்சினேன், தனியாக. என் வீட்டுக்காரர் உலகநாதன் வரவில்லை. எங்கள் ஊர் வீராம்பட்டினத்தில் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "தனக்கொடி, உனக்கு வேலைதான் பெருசுன்னா போய்க்கோடி. அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

மிதிக்காவிட்டால் போகட்டுமே! நானும் ராங்கிக்காரிதான். ஆனால் பாழாய்ப்போன கை, பாலை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டது. ஐயாவின் மனைவி விருத்தாம்பாள் அக்காவைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தேன்.

15 செப்டம்பர்

வெள்ளையடித்தேன். இந்த அறைக்குச் சன்னல் கிடையாது. மூலையில் உமி, கூட்டக் கூட்ட வருகிறது. வாசலுக்குப் பூப்போட்ட துணியில் திரை கட்டினேன். அக்கா எட்டிப் பார்த்து, "எதுக்கும்மா இவ்ளோ பாடு?" என்று சிரித்தார். ஏன் சிரித்தார்?

3 நவம்பர்

ஐயா வந்து கையை விரித்து அறையை அளந்தார். மூட்டையை எந்தப் பக்கம் அடுக்குவது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். என்ன மூட்டை என்று கேட்டேன்.

"தையில நெல்லு வருமில்ல? அதான் அறுப்பு வரைக்கும்னு அன்னிக்கே சொன்னேனே."

இது நெல் போட்டுவைக்கிற அறையாம். நெல் இல்லாத மாதங்களில் ஆள் குடிவைப்பார்களாம். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். மீன்காரன் மகளுக்கு எப்படித் தெரியும்? அட போங்கய்யா!

9 நவம்பர்

வேறு வீடு தேடினேன். தையில் எல்லார் வீட்டுக்கும்தான் நெல் வருகிறது. வீராம்பட்டினத்திலிருந்து தினம் வந்துபோனால் மணி அடித்த பிறகுதான் வந்துசேர முடியும். முன்னே அப்படி வந்து பெரிய டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அறை போனால் வேலை போகும். வேலை போனால் ஊருக்குத் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று என் வீட்டுக்காரர் வாயால் கேட்க வேண்டும். மாட்டேன், செத்தாலும் மாட்டேன்.

17 நவம்பர்

இந்த வருஷம் மட்டும் விளையாமல் போனால் — சீ, என்ன புத்தி இது.

30 நவம்பர்

விடாத அடைமழை. கடலுக்கு யாரும் போகவில்லை என்று எங்கள் ஊர் மீன்காரம்மா வந்து சொல்லி வயிற்றில் பால் வார்த்தாள். ஆனால் இங்கே வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஐயாவின் வயல் முழுகிவிட்டது. கதிர் வருகிற சமயம்.

8 டிசம்பர்

தண்ணீர் வடிந்தது. பயிர் அழுகிக் கிடக்கிறது. ஐயா என் வாசலில் நின்று, "நீயே இரும்மா. இனிமே ரூம்பு எனக்கு எதுக்கு?" என்றார்.

இதைத்தானே கேட்டாய் தனக்கொடி? இந்தா, கிடைத்துவிட்டது.

16 ஜனவரி 1958, கரிநாள்

புது நெல் இல்லாமலே பொங்கல் போயிற்று. அக்கா கடை அரிசியில் பொங்கினார்.

இன்று காலை கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் — அவர்! கையில் ஓலைக்கூடை நிறைய மீன். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு நேரே ஐயாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வயல் போன சேதியை மீன்காரம்மா சொல்லியிருப்பாள். கட்டுமரமோ வலையோ போனவன் வீட்டுக்கு எங்கள் ஊரில் இப்படித்தான் பிடித்த மீனில் ஒரு பங்கு எடுத்துப் போவார்கள். ஆறுதல் சொல்ல மாட்டார்கள், கூட உட்கார்ந்திருப்பார்கள். வயல் போனவனுக்கும் அதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இத்தனை நாள் இந்த வீட்டிலேயே இருந்தேனே!

ரொம்ப நேரம் கழித்து ஐயாதான் வாயைத் திறந்தார். "இன்னிக்குக் கடலுக்குப் போகலியாப்பா?"

"போகல. மீனு நேத்து பட்டது."

பிறகு என் வீட்டுக்காரர் எழுந்து என் அறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, ஒரு சன்னல்கூட இல்ல. எப்படி இருக்கிற?"

"இருக்கிறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது, எனக்கு.

காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.