பொண்ணு கேட்கப் போன மாதிரி போனோம்

ஆத்தா,

உன் செல்போனை நான் இன்னும் அணைக்கவில்லை. இன்று காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அது அடித்தது. "அக்கா, நான் காலேஜ்ல கடைசி வருசம். சீனியர் அக்கா நம்பர் தந்தாக. இன்டர்வியூவுல என்ன கேப்பாகன்னு சொல்றீகளா?" என்றது ஒரு பிள்ளை. நீ இறந்துபோனதைச் சொன்னேன். "சரிங்க தாத்தா" என்று வைத்துவிட்டது.

அதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. அப்பன் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுகிறான்.

தேனியில் நீ படித்த காலேஜில் வருசத்துக்கு ஒரு தரம் பழைய பிள்ளைகளைக் கூப்பிட்டு, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு வேலையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். நீ மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து வருவாய். மற்றவர்கள் மைக்கில் பேசுவார்கள். நீ மரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "வீட்டுல முடிவெடுக்குறது யாரு?" என்றுதான் முதலில் கேட்பாயாம். ஒரு வருசம் கூட்டம் முடிந்து வந்து, சோற்றில் கை வைக்காமல் சொன்னாய்: "பிள்ளைககிட்டப் பேசி ஒண்ணும் ஆகாதுப்பா. அப்பன்மாருககிட்டப் பேசணும். நீ வா."

"நான் கைநாட்டு. என்னையக் கூட்டிட்டுப் போயி என்ன செய்யப்போற?"

"அதான் வேணும். நான் பேசுனா படிச்ச திமிருன்னுவாக. நீ வெள்ளாமையப் பத்திப் பேசிக்கிட்டே இரு. பெறகு மெதுவா விசயத்துக்கு வா."

முதலில் போனது ஓடைப்பட்டி ஈஸ்வரி வீட்டுக்கு. மெட்ராஸில் உன் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவள் அப்பன் அனுப்பமாட்டேன் என்று நின்றார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று உன் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழமும் மல்லிகைப் பூவும் கொடுத்துவிட்டாள். அதுதான் வினையாகிப்போனது. பூவைக் கண்டதும் ஈஸ்வரியின் அம்மா உள்ளே ஓடி, மகளுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டு, காப்பித் தட்டோடு வெளியே அனுப்பிவிட்டாள். "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று வேறு கேட்டாள். நான் முழிக்க, நீ சட்டென்று சொன்னாய்: "மாப்பிள்ள இல்ல சித்தி, வேலை. மாசமானா சம்பளம் தரும். குடிக்காது, அடிக்காது." அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஈஸ்வரி மட்டும் பட்டுச்சேலையில் முறைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் அப்பன் சிரிக்கவில்லை. என்னைத் திராட்சைப் பந்தலுக்குள் கூட்டிப் போனார். கொத்துகளைக் கையால் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டே நடந்தவர், "தெரியாத ஊர்ல ஒரு காய்ச்சல் தலவலின்னா யாருண்ணே பாக்குறது?" என்றார். "எம்மக இருக்கா" என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்பச் சரி. ஒங்க மகளப் பாத்துத்தான் அனுப்புறேன்."

அதற்குப் பிறகு ஜெயமங்கலம் வரைக்கும் இன்னும் சில வீடுகள். எல்லா வீட்டிலும் முதலில் வெள்ளாமை, பிறகு நீ. பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ப் பஸ் ஏறின.

அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாங்கள் மெட்ராஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. தம்பி இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்சம் பொறுத்துத்தான் எழுதுகிறான்.

உன் காரியம் முடியுமுன்னே அந்தப் பிள்ளைகளை எல்லாம் அப்பன்மார் போய்க் கூட்டி வந்துவிட்டார்கள். நான் ஓடைப்பட்டிக்குப் போனேன், தனியாக. ஈஸ்வரியின் அப்பன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையத் திரும்ப அனுப்புங்க" என்றேன்.

"அண்ணே, ஒங்க மகளப் பாத்துத்தான் அனுப்புனேன். ஒங்க மகளப் பாத்துத்தான் கூட்டிட்டும் வந்தேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"ஈஸ்வரியக் கேளுங்க" என்றேன். அவளாவது சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கே பயமா இருக்கு பெரியப்பா. அக்காவ ஆட்டோவுல மடியில போட்டுக்கிட்டுப் போனது நான்தான்."

அதற்கு மேல் நான் எந்த அப்பனிடம் என்ன பேச?

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம். மற்றப் பிள்ளைகளுக்கும் வரிசையாக ஆனது. இப்போது இந்தப் பக்கம் எந்தப் பிள்ளை வெளியூர் வேலை என்று வாயெடுத்தாலும் உன்னைச் சொல்லித்தான் அடக்குகிறார்கள். இதை உன்னிடம் சொல்லக் கூடாதுதான். வேறு யாரிடம் சொல்வேன்?

போன மாசம் ஈஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உன் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். உன் அம்மா அழுதாள், சந்தோசம் என்றாள். போய்ப் பார்த்தேன். குழந்தையை என் கையில் கொடுத்து, பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தது. பக்கத்தில் நின்ற ஈஸ்வரியின் அப்பன், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "பயப்படாதீகண்ணே, இவள எங்கயும் அனுப்ப மாட்டோம்."

அந்தக் கனம் இன்னும் என் கையை விட்டு இறங்கவில்லை, ஆத்தா.