பாட்டில்லாத வீடியோ

அன்புத் தம்பிக்கு,

நான் எடுக்கும் வீடியோக்களை “எங்க ஊரு மாதிரி வருமா!” என்று எழுதி நீ ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வார மலைப்பாதையை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். போனைப் பிடித்துப் படம் எடுப்பதில் உன் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஏன் எப்போதும் அதே வழி, அதே செவ்வாய்க்கிழமை என்று கமெண்டில் கேட்டிருந்தாய். காலை ஏழு மணிப் பேருந்தில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆறு, பாலம், பதினோரு வளைவு எல்லாம் தானாகவே படத்தில் விழும். பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தை மட்டும் எடுப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலை யார் ரசிக்கப் போகிறார்கள்?

பக்கத்து இருக்கையில் அப்பா. நீ சண்டை போட்டுக்கொண்டு போன நாளிலிருந்து உன் பேரையே எடுக்காத அதே மனிதர்தான். ஆற்றை நெருங்கும்போது முழங்கையால் என்னை இடிப்பார்.

“பாலம் வருது, போனை எடு. அவனுக்குப் பாலம்னா உசிரு.”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நானும் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன். பதறாதே. இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டவளுக்கு இனியும் பார்த்துக்கொள்ளத் தெரியும்.

வீடியோவில் நான் சேர்க்கும் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று குறைபட்டாய் அல்லவா? அடுத்த செவ்வாய்க்கிழமை வீடியோவில் பாட்டே இருக்காது. பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேள்.

உன் அக்கா