உம் வெள்ளை எலிகள்

மச்சான்,

நேற்று காலை செங்கோட்டை சாலை மரக்கடைப் பக்கம் நனைந்த மரத்தூள் வாடை அடித்தது. அதே தூள் பரப்பிய உம் எலிக்கூண்டு ஞாபகம் வந்துவிட்டது. நீர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி எழுத வைத்துவிட்டீரே.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் அல்வாவோடு வருவார்கள். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் வாத்தியாரான நீரோ, வெள்ளை எலிகளோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினீர். விடுமுறையில் தீனி போட ஆளில்லையாம். உம் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அப்போது ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு அடிபட்டுக் கட்டிலில் கிடந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனாலும் எழுந்திருக்கப் பயம். நாட்டு வைத்தியர் கொடுத்த கஞ்சா லேகியத்தைத் தின்றுவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இப்போ நோவும் இல்ல, பயமும் இல்ல. நிம்மதியாக் கெடக்காவ" என்றாள் உம் தங்கச்சி.

நீர் ஒரு பெட்டியில் பாதியைத் துணியால் மூடினீர். என் லேகியத்தில் கடுகளவு ஊட்டி, ஒரு எலியை வெளிச்சப் பக்கம் விட்டீர். அது ஓடி ஒளியவில்லை.

"பயமே இல்ல பாருங்கண்ணே" என்றாள் அவள்.

மூக்கருகே நிலக்கடலையை வைத்தீர். அதற்கும் அது அசையவில்லை.

அடுத்து, கால் வீங்கியிருந்த ஒன்றுக்கு வலி மருந்து கொடுத்து அதே வெளிச்சத்தில் விட்டீர். இருட்டுக்குள் ஓடியது, எட்டிப் பார்த்தது, மறுபடி ஓடியது. கடைசியில் நொண்டிக்கொண்டே வந்து கடலையைக் கவ்வியது.

"வேய் மாப்ளே, இது பயப்படுதுல்லா? ஆனாலும் வருது பாரும். சும்மா கெடக்கதெல்லாம் நிம்மதி இல்லவே."

என்னை எலியோடு சேர்த்துவிட்டீர் என்று எனக்குக் கோபம். மறுநாள் டாக்டர் முன்பே கொடுத்திருந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உம் தோளைப் பிடித்தபடி, உம்மைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

இப்போது உம் தங்கச்சி. உம்மை எடுத்துப்போன நாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான். பொட்டுக் கண்ணீர் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், "மனசத் தேத்திக்கிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தட்டில் சோறு ஆறிக் கிடக்கும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து உம்மைப் பற்றியே பேசினேன். நேற்று எலிக் கதையை எடுத்தேன்.

"நடுவீட்டுல எலிய விட்ட மனுசன்லா" என்று சிரிக்க வந்தவள், "அண்ணே!" என்று வெடித்து அழுதாள். பக்கத்து வீட்டார் பதறி ஓடி வந்து சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். நான்தான் தடுத்தேன்.

அழுதுகொண்டே எழுந்தாள். அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய், இரண்டு தட்டில் சோறு போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அழட்டும், மச்சான். இனித் தேறிவிடுவாள்.