தறிக்குழியில் வந்த தூக்கம்

செவ்வாய்க்கிழமை. நேற்று இரவிலிருந்தே மழை.

காலையில் ஒரு பட்டு நெசவாளரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. அவசரப் பிரிவுக்குள் தூக்கி வரும்போதே மூச்சு நின்றிருந்தது. குழாய் போட்டோம், மார்பை அழுத்தினோம். துடிப்பு திரும்பவே இல்லை.

கணுக்காலில் கொசு கடித்த மாதிரி இரண்டு புள்ளிகள். கட்டுவிரியன். மழைக்குத் தறிக்குழிக்குள் ஒதுங்கியிருக்கும். தறியின் மிதியை மிதிக்கிற கால் அதன்மேல் பட்டிருக்கும். அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. இமைதான் முதலில் இறங்கும்.

அவர் மனைவி சொன்னாள்: "கல்யாணப் பொடவை குடுக்கணும்னு ராவெல்லாம் நெய்ஞ்சிக்கினு இருந்தாரும்மா. விடியக்காலைல கண்ணத் தொறக்க முடியலன்னாரு. தூக்கம் கெட்டதாலதான்னு நெனச்சி, பாயப் போட்டு ஃபேனப் போட்டுவுட்டேன். சத்தம் போடாதீங்கன்னு பசங்களகூட வெரட்டினேன்."

பிறகு கேட்டாள்: "அப்பவே இட்டாந்திருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

"இல்லம்மா, அப்பவும் கஷ்டம்தான்" என்றேன்.

பொய். விஷமுறிவு மருந்து இருந்தது. வென்டிலேட்டர் காலியாக இருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு நன்றாக வருவது இந்தப் பொய்தான்.

அவள் வாசலில் நின்ற மாமியாரைக் காட்டி, "இத அவங்க கிட்டயும் சொல்லுங்கம்மா" என்றாள். போய்ச் சொன்னேன்.

இப்போது இரவு, வீட்டில் எதிர்நாற்காலியில் என் கணவருக்குக் கண் சொக்குகிறது. எழுந்துபோய்த் தட்டி எழுப்பினேன். "என்னாச்சு?" என்றார். ஒன்றுமில்லை, கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பாருங்கள் என்றேன்.