வெண்ணாரையின் வடமும் வெற்று மாசேடும்

இடி என்றே எழுந்தோம். இடியன்று, மூடுபனிக்குள் எங்கோ ஒரு வடம் அறுந்த ஓசை. அவ்வோசை இன்னும் காதைவிட்டு அகலாத நிலையில், அலைசூழ் வெண்ணுரை நாட்டை ஆளும் நீலவேணி மாதேவியாகிய யாம், ஆழிமுனைத் துறைகாவலர் வேலங்கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் விளக்கு அணையாதிருக்க. கடலேறிய உம் மாலுமிகள் அனைவரும் வீடு திரும்புக.

நடந்ததை நீரும் கரையில் நின்று கண்டீர். நங்கூர வடம் அறுந்த வெண்ணாரை என்னும் மரக்கலம், உறக்கத்தில் நடப்பவளைப் போலப் பனிக்குள் நழுவிச் சென்றது. கலத்தில் இருந்தோர் தாம் நகர்வதை உணரவில்லையாம். நகரமே மாடங்களோடும் தென்னந்தோப்புகளோடும் தங்களை விட்டு மிதந்து போவதாக எண்ணிக் கைகாட்டி வழியனுப்பினராம். மணல்திட்டு கலத்தை மெல்ல மடியில் ஏந்திக்கொண்டதால் அறுபத்திரண்டு உயிர்கள் பிழைத்தன.

வடம் அறுந்தாலோ, அதில் குறை என்று எழுதப்பட்டாலோ, அதை முறுக்கித் தந்த வடச்சாலையின் தலைமை நாடு நீங்க வேண்டும் என்பது பழைய சட்டம். அதன்படி தலைவி பெருங்கோதையைக் காவலில் வைத்ததாகவும், எத்தனை கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை என்றும், நாளைப் புறப்படும் கலத்தில் ஏற்றி அனுப்புவதாகவும் எழுதியிருந்தீர்.

இதற்கிடையே ஏழு துறைச் சங்கத்தின் ஆய்வாளர் சாலூன் நம் வடச்சாலைக்கு வந்தார்; யாமும் உடன் சென்றோம். அச்சங்கத்தின் தர முத்திரை இல்லாத வடத்தோடு வரும் கலம் எதுவும், அடுத்த பருவக்காற்று முதல் அயல் துறை ஏழிலும் நங்கூரமிட முடியாது என்பதை நீர் அறிவீர். ஆயிரம் அடி நீளச் சாலையின் ஒரு வாசலில் பனி நுழைந்து மறு வாசலில் வெளியேறிக்கொண்டிருந்தது. வடம் முறுக்குவோர் கனவில் தெரிபவர்போல் தோன்றி மறைந்தனர். வேலையில் கண்ட குறைகளை எழுதிவைக்கும் மாசேட்டைக் காட்டுமாறு சாலூன் வேண்டினார்.

நம்மவர் அதைப் பல்லக்கில் கொண்டுவந்தனர்! பன்னிரண்டு ஆண்டுகளாக ஓர் எழுத்தும் விழாத அந்த ஏட்டுக்குச் சந்தனம் பூசி யானைமேல் ஊர்வலம் விடுவது நம் வழக்கம் அல்லவா? யாமும் பூத்தூவி வணங்கியவர்தாம். சாலூன் வெற்று ஓலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வாசனை நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் இங்கே யாரும் எதையும் பார்க்கவே இல்லையா?" என்றார்.

பின்வரிசையில் நின்ற முறுக்காள் சாத்தையன் பொறுக்கமாட்டாமல், "பாக்காம என்னங்கய்யா? எழுதினா ஊரை விட்டுல்ல தொரத்துவாங்க! அதான் பூவைப் போட்டுக் கும்பிட்டுக்கறோம்," என்றான். சாலையே சிரித்தது. யாமும் சிரித்தோம்.

அடுத்து ஆய்வாளர் அறுந்த வடத்தை எம் முன்னே பிளந்தார். மேலே குங்கிலியத் தைலம் கண்ணாடிபோல் மின்னியது. உள்ளே நார் சேற்று மண்ணாய் மக்கியிருந்தது. ஈரம் உலருமுன் தைலம் பூசியதால் வந்த கேடு என்றார். எம் சிரிப்பு நின்றது.

ஆகவே, ஏழு துறைகளின் நெறியை இன்றே ஏற்கிறோம். நார் ஆறு நாள் உலர்ந்ததைச் சாலையோர் தொட்டறிந்து எழுதாமல் தைலக் கொப்பரை அடுப்பில் ஏறக்கூடாது. எடை கட்டி இழுத்துப் பாராத வடம் துறைக்கு வரக்கூடாது. வந்தால் நீர் திருப்பி அனுப்பும், அது அரண்மனைக் கலத்துக்கே ஆனாலும். பழைய சட்டம் இக்கணமே ஒழிந்தது. குறையை எழுதியவர் எவருக்கும் தண்டனை இல்லை. வேலை நிறுத்தச் சொல்லும் உரிமை கடைசி முறுக்காளுக்கும் உண்டு. பெருங்கோதையை இவ்வோலை கண்டவுடன் விடுவித்து, உம் சிவிகையிலேயே சாலைக்கு அனுப்பிவைப்பீராக. இது எம் ஆணை. சங்கும் மீனும் பொறித்த முத்திரை இட்டோம்.

மாசேட்டின் முதல் குறையை எம் கையாலேயே எழுதி இத்துடன் அனுப்புகிறோம். துறையில் எல்லோரும் கேட்க வாசிக்கச் செய்க. சென்ற ஆண்டு நீராட்டு விழாவுக்கு வெண்ணாரை புறப்படவேண்டிய அவசரத்தில், நார் உலர இன்னும் நான்கு நாள் வேண்டும் என்று பெருங்கோதை வந்து மன்றாடினார். அப்போது யாம் அவருக்குச் சொன்னது, சொல் மாறாமல்:

"ஈரந்தானே கோதை, கடலுக்குப் போனா எப்படியும் நனையத்தானே போகுது, பூசி ஏத்திவிடு!"